பெருகு என்னும் கட்டளை: மூளைக் கட்டிகளை வளர்க்கும் சமிக்ஞைப் பாதைகள்



மூளைக் கட்டிகளை வளர்க்கும் மூலக்கூறுச் சமிக்ஞைப் பாதைகள் என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பு கடினமாகத் தோன்றலாம். உள்ளே இருக்கும் கேள்விகள் எளியவை. மூளைக்குள் ஒரு செல் இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பெருகிக்கொண்டே போகிறது. பெருகு என்று அதற்குக் கட்டளையிட்டது யார்? அந்தக் கட்டளை எந்த வழியாகச் செல்லுக்குள் போனது? நிறுத்து என்று சொல்ல வேண்டிய புரதங்கள் எங்கே போயின? இந்த மூன்றுக்கும் விடை தேடுவதுதான் இன்றைய மூளைக் கட்டி மருத்துவம்.

கட்டி என்றால் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதை வரலாறு ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டது. 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு துணிச்சலான சிகிச்சையை அறிவித்தார். க்ளியோமா வகைக் கட்டியால் உடலின் இடப்பக்கம் செயலிழந்துபோன சிலருக்கு, மூளையின் வலது பாதி முழுவதையும் அவர் அகற்றியிருந்தார். கட்டியோடு பாதி மூளையே போய்விட்டது. அப்படியும் கட்டி திரும்பி வந்தது! ஏன்? கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுக்கும் முன்பே, தெரியாத செல்கள் எல்லை கடந்து எதிர்ப்பக்கம் போயிருந்தன. அந்தச் செல்களுக்குள் பெருகு என்ற கட்டளை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கத்தி கட்டியை எடுக்கும், கட்டளையை எடுக்காது.

அப்படியானால் அந்தக் கட்டளை என்ன? வாருங்கள், அதைக் கண்டுபிடித்த இடத்துக்கே போவோம்.

ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் சுண்டெலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினார். வழக்கமாக இரண்டு வாரம் ஆகும்போது திறக்கும் குட்டிகளின் கண்கள் ஒரே வாரத்தில் திறந்தன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. சாற்றில் இருந்த எது இப்படி அவசரப்படுத்துகிறது? தேடித் தேடி ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. சக விஞ்ஞானி ரீட்டா லெவி மொண்டால்சினி அம்மையாரோடு சேர்ந்து 1986இல் நோபல் பரிசு பெற்றார். எலிக்குட்டியின் கண்ணிமையில் தொடங்கிய தேடல் மனித மூளைக் கட்டியின் உள்ளே வந்து நிற்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

அந்தக் காரணி வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். செல்லின் வெளிச்சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஏற்பியின் ஒரு முனை வெளியே. மறு முனை உள்ளே. வளர்ச்சிக் காரணி வந்து வெளி முனையில் ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைசேருகின்றன. உள் முனைகள் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அவ்வளவுதான், செய்தி உள்ளே போய்விட்டது! அங்கிருந்து இரண்டு பெரிய பாதைகள் பிரிகின்றன. ஒன்று ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களின் வழியாகச் செல்லின் உட்கருவுக்குப் போய், பிரியத் தொடங்கு என்கிறது. மற்றொன்று பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி., எம்டார் என்ற புரதங்களின் வழியாகப் போய், உணவைச் சேர், புரதங்களை உருவாக்கு, சாகாதே என்கிறது.

இந்தப் பாதைகள் நமக்குப் பகையா? இல்லவே இல்லை. இவை இல்லாவிட்டால் கருவில் மூளை உருவாகாது, காயம் ஆறாது. ஆரோக்கியமான செல்லில் செய்தி வருகிறது, வேலை நடக்கிறது, செய்தி அடங்குகிறது. அந்த அடக்கம்தான் உயிர் வாழ்வதன் ரகசியம். கட்டியில் நடப்பது என்ன? செய்தி அடங்குவதில்லை.

1985இல் ஒரு முக்கியமான உண்மை வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் மூளைக் கட்டிகளில் மிகக் கொடியதான க்ளியோபிளாஸ்டோமாவில், கோஹனின் காரணியை ஏற்கும் அதே ஏற்பியின் மரபணு பல மடங்கு பெருகிக் கிடந்தது. இயல்பான செல்லில் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. கட்டிச் செல்லிலோ பத்துகள் கணக்கில்! ஈ.ஜி.எஃப்.ஆர். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த ஏற்பியின் மரபணு, ஏறத்தாழ பாதி க்ளியோபிளாஸ்டோமாக்களில் மாறியிருக்கிறது. சில கட்டிகளில் ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். காரணி வந்து ஒட்ட வேண்டிய இடம் குலைந்துபோனாலும் அது சும்மா இருப்பதில்லை. யாரும் அழைக்காமலே, இரவும் பகலும், பெருகு பெருகு என்று உள்ளே செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சரி, கட்டளை கூடிவிட்டது. தடுக்கும் புரதங்கள் எங்கே? 1997இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பத்தாவது குரோமோசோமில் பிடென் என்ற மரபணுவைத் தனித்தனியே கண்டுபிடித்தன. பி.ஐ.3 கைனேஸ் ஒரு கொழுப்பு மூலக்கூறின்மீது ஏற்றும் பாஸ்பேட்டை இறக்கிவிடுவதே அதன் வேலை. ஏற்றுவது ஒன்று, இறக்குவது மற்றொன்று. இறக்குவது போய்விட்டால் பாதை திறந்தே கிடக்கும். பல க்ளியோபிளாஸ்டோமாக்களில் பிடென் போய்விட்டிருக்கிறது. அதோடு, பழுதான செல்லை நிறுத்தும் பி53 என்ற புரதமும், செல் பிரிவதற்கு முன் அதைப் பிடித்து வைக்கும் ஆர்.பி. என்ற புரதமும் இருக்கின்றனவே, அவை என்னவாயின?

இதற்கு 2008இல் தெளிவான விடை கிடைத்தது. புற்றுநோய் மரபணுத் தொகுதி வரைபடம் என்ற அமெரிக்கப் பெருந்திட்டம் முதலில் ஆராய எடுத்துக்கொண்ட புற்றுநோய் க்ளியோபிளாஸ்டோமாதான். 206 கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஏற்பி முதல் பி.ஐ.3 கைனேஸ் வரையிலான வளர்ச்சிப் பாதை 88 சதவீதக் கட்டிகளில் கெட்டிருந்தது. பி53 பாதை 87 சதவீதத்தில். ஆர்.பி. பாதை 78 சதவீதத்தில். இந்த எண்களை மனத்தில் வையுங்கள். வளர்ச்சிக் கட்டளை ஓயவில்லை. பழுதைக் கண்டு நிறுத்தும் புரதம் இல்லை. பிரிவதைத் தடுக்கும் புரதமும் இல்லை. இந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் இந்தக் கட்டி நிற்கிறது.

நண்பர்களே, இதுவரை சொன்னது நோயின் கதை. இனிச் சொல்லப்போவது மருந்தின் கதை. பாதையை அறிந்தால் மருந்து கிடைக்குமா? சில கட்டிகள் கிடைக்கும் என்கின்றன. சில கட்டிகள் பொறு என்கின்றன. இரண்டையும் கேட்போம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஈஸ்டர் தீவு இருக்கிறது. அங்குள்ள மக்களின் மொழியில் அதன் பெயர் ராப்பா நூயி. 1964இல் கனடாவிலிருந்து கிளம்பிய ஓர் ஆய்வுப் பயணக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளை எடுத்துவந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, மாண்ட்ரியால் நகர மருந்து ஆய்வகத்தில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார் சுரேந்திர நாத் சேகல். பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி அவர். தீவின் பெயரால் அதற்கு ராப்பமைசின் என்று பெயர் வைத்தார்கள். இடையில் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. சேகல் மனம் தளரவில்லை. அந்த நுண்ணுயிரியை வீட்டு ஃபிரீசரில் வைத்துக் காப்பாற்றினார். பின்னாளில், 1991இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஈஸ்ட் செல்களை ஆராய்ந்தவர்கள் அந்த மருந்து எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம்தான் டார். மனித உடலிலும் பாலூட்டிகள் எல்லாவற்றிலும் இருக்கும் அதன் வடிவமே சற்றுமுன் நான் சொன்ன எம்டார்.

இந்தத் தீவு மண்ணுக்கும் மூளைக் கட்டிக்கும் என்ன உறவு? டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்றொரு பரம்பரை நோய் உண்டு. எம்டாரை அடக்கி வைக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்று அந்த நோயாளிகளிடம் பழுதாகியிருக்கும். அவர்களில் சிலருக்கு மூளையின் நீர் அறைகளை ஒட்டி ஒருவகைக் கட்டி வளரும். ராப்பமைசினின் உறவு மருந்தான எவரோலிமஸை அப்படிப்பட்ட 28 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. 21 பேருக்குக் கட்டி 30 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தது. மண்டையைத் திறக்காமல், வாய்வழி மருந்தால்! காரணம் என்ன? அந்தக் கட்டி நம்பியிருந்தது ஒரே பாதையை. மருந்து தாக்கியதும் அதே பாதையை.

குழந்தைகளின் மெதுவாக வளரும் க்ளியோமாக்களிலும் இதையே பார்க்கிறோம். அவற்றில் பலவற்றை வளர்ப்பது ராஃப் குடும்பப் புரதமான பிராஃபில் நேரும் ஒரு மாற்றம். பிராஃபை ஒரு மருந்தாலும் அதற்கு அடுத்த மெக்கை இன்னொரு மருந்தாலும் ஒரே நேரத்தில் தடுத்தார்கள். 110 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வில், இரட்டை மருந்து பெற்றவர்களில் 47 சதவீதத்தினரின் கட்டி சிகிச்சைக்கு இணங்கியது. வழக்கமான கீமோதெரபி பெற்றவர்களில் 11 சதவீதமே. 2023இல் அந்த இரட்டை மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கும் பாடம் அதேதான். பாதை தெரிந்தது, மருந்து பலித்தது.

ஆனால் ஒரே பாதையில் வளரும் கட்டிகூட எப்போதும் எளிதில் பணிவதில்லை. சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமாவைப் பாருங்கள். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் கட்டி இது. இன்று இதை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு வகையை வளர்ப்பது ஹெட்ஜ்ஹாக் என்ற பாதை. பழ ஈக்களின் புழுக்கள் எப்படி உருப்பெறுகின்றன என்று ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980இல் அறிவித்த மரபணுக்களில் ஒன்று அது. மனிதக் குழந்தையின் சிறுமூளையிலும் அதே குடும்பத்துச் சமிக்ஞைதான் இளஞ்செல்களைப் பெருக வைக்கிறது. குறித்த காலத்தில் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கட்டி.

இதைத் தடுக்கும் மருந்துக்கு வழி காட்டியது எது தெரியுமா? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் செம்மறி ஆடுகள். 1950களில் அங்கே சில ஆட்டுக்குட்டிகள் நெற்றியின் நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. ஆராய்ந்தபோது, சினை ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச்செடியில் காரணம் இருந்தது. அந்தச் செடியின் நச்சு ஹெட்ஜ்ஹாக் பாதையில் உள்ள ஸ்மூதன்ட் என்ற புரதத்தை முடக்குகிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அதே புரதத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்ட மருந்து விஸ்மோடெகிப். உடலெங்கும் மெடுலோபிளாஸ்டோமா பரவிய 26 வயது நோயாளி ஒருவருக்கு அதைக் கொடுத்தார்கள். 2009இல் வெளியான அந்த அறிக்கையைப் படித்து மருத்துவ உலகமே வியந்தது. கட்டிகள் வேகமாகக் கரைந்தன! ஆனால் சில மாதங்களில் திரும்பி வந்தன. திரும்பி வந்த கட்டியில், ஸ்மூதன்ட் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் மருந்து ஒட்ட முடியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளரும் குழந்தைகளின் எலும்புக்கும் இதே பாதை தேவை. அதனால் இந்த மருந்து அவர்களின் உயரத்தையே நிறுத்திவிடக்கூடும். உடலின் சொந்தப் பாதையைத் தாக்கும்போது உடலுக்கும் வலிக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இப்போது மீண்டும் க்ளியோபிளாஸ்டோமாவுக்கு வருவோம். பாதி கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். கெட்டிருக்கிறது என்றேன். நுரையீரல் புற்றுநோயில் அதே ஏற்பியைத் தடுக்கும் மாத்திரைகள் நன்றாகப் பலன் தருகின்றன. மூளையில் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மாறிய ஏற்பியைக் குறிவைத்துத் தடுப்பூசி செய்தார்கள். பெரிய ஆய்வில் அதுவும் தோற்றது. ஏன்?

முதல் காரணம், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு. பல மருந்துகள் அதைக் கடந்து போதிய அளவு உள்ளே போவதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. வயலுக்குப் பல வாய்க்கால் இருக்கும்போது ஒரு மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் நிற்குமா? அடுத்த வாய்க்காலில் பாய்ந்து வயலை நிரப்பிவிடும். க்ளியோபிளாஸ்டோமாவிலும் அதுதான் நடக்கிறது. ஒரே கட்டியில், அடுத்தடுத்து இருக்கும் செல்களில், ஒன்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். பெருகியிருக்கும், பக்கத்துச் செல்லில் வேறொரு ஏற்பி, அதற்கடுத்ததில் மூன்றாவது ஏற்பி. 2011இல் இதை நுண்ணோக்கியிலேயே வண்ணம் பிரித்துக் காட்டினார்கள். ஏற்பிகள் வேறு, ஆனால் அவை எல்லாம் போய்ச் சேரும் உட்பாதைகள் ஒன்றே.

அதோடு முடியவில்லை. பெருகிய ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுக்கள் பல நேரங்களில் குரோமோசோமில் இருப்பதே இல்லை. தனித்தனி வட்டத் துணுக்குகளாகச் செல்லுக்குள் திரிகின்றன. மருந்து கொடுத்தால் செல்கள் அந்தத் துணுக்குகளைக் குறைத்துக்கொண்டு ஒளிகின்றன. மருந்தை நிறுத்தினால் மறுபடி பெருக்கிக்கொள்கின்றன. 2014இல் இது வெளிவந்தபோது பல ஆண்டுத் தோல்விகளுக்கு விளக்கம் கிடைத்தது. இதுவரை சிகிச்சையில் கிடைத்த முன்னேற்றமோ சிறியது. 2005இல் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்தபோது, நோயாளிகள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இன்றும் அதுவே அடிப்படைச் சிகிச்சை. இந்த உண்மையை மறைத்துப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் உதவி ஆகாது. ஆனால் ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொண்டுவிட்டோம் என்பதும் உண்மைதான். தோல்வியின் காரணம் தெரிந்த இடத்தில் அடுத்த முயற்சி குருட்டு முயற்சி ஆகாது.

கட்டளை வெளியிலிருந்தும் வருகிறது என்பது அடுத்த கண்டுபிடிப்பு. யாரிடமிருந்து? மூளையின் நரம்புச் செல்களிடமிருந்தே! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மிஷேல் மோன்ஜே குழுவினர் 2015இல் இதைக் காட்டினார்கள். நரம்புச் செல்கள் இயங்கும்போது நியூரோலிஜின்-3 என்ற புரதத் துண்டு உதிர்கிறது. அதைப் பெறும் க்ளியோமா செல்களில் அதே பி.ஐ.3 கைனேஸ், எம்டார் பாதை விழித்துக்கொள்கிறது. 2019இல் அவர்களும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஃபிராங்க் விங்க்லர் பணியாற்றும் குழுவினரும் இன்னும் திடுக்கிட வைக்கும் ஒன்றைக் கண்டார்கள். நரம்புச் செல்கள் தம்மிடையே இணைந்திருப்பதைப் போலவே கட்டிச் செல்களோடும் நேரடி இணைப்பு வைத்திருந்தன. அதன் வழியே வரும் மின்சமிக்ஞை கட்டியை வளர்த்தது. மோன்ஜேவுக்கும் விங்க்லருக்கும் 2025இல் மூளை ஆய்வுக்கான பிரெயின் பிரைஸ் விருது கிடைத்தது. இப்போது வலிப்பு நோய் மருந்து ஒன்றையே இந்த இணைப்பை அடக்கக் கொடுத்துப் பார்க்கிறார்கள். புதிய மருந்துக்குக் காத்திராமல், இருக்கும் மருந்தைப் புதிய அறிவோடு பயன்படுத்தும் முயற்சி இது.

இன்னொரு நற்செய்தி. 2008இல் சில மூளைக் கட்டிகளில் ஐ.டி.எச்.1 என்ற நொதியின் மரபணு மாறியிருப்பது தெரிந்தது. செல்லின் ஆற்றல் வேலையைச் செய்ய வேண்டிய அந்த நொதி, மாறியபின் வேறொரு பொருளை உற்பத்தி செய்கிறது என்று 2009இல் கண்டார்கள். அந்தப் பொருள் தேங்கினால் செல் முதிர்ச்சி அடைவதற்கான மரபணுக்கள் முடங்குகின்றன. செல் முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. மாறிய நொதியைத் தடுக்கும் மருந்து வோராசிடெனிப். 331 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக உயர்ந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அதை அனுமதித்தது. மரபணு மாற்றத்தைக் கண்ட நாளிலிருந்து மருந்து வரை 16 ஆண்டுகள். அறிவியல் மெதுவாக நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

அவையோரே, இவ்வளவும் கேட்டபின் நாம் செய்ய வேண்டியது என்ன?

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு மூளைக் கட்டி என்று தெரிந்தால், எவ்வளவு பெரிது, எந்த இடம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பாதையில் வளரும் கட்டி என்று கேளுங்கள். ஐ.டி.எச். பார்த்தீர்களா, பிராஃப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். பயாப்சி எடுத்தபின் ஆய்வகத்தில் இருக்கும் பிளாக்கும் ஸ்லைடுகளும் விலைமதிப்பற்றவை. அவற்றைத் தொலைத்துவிடாதீர்கள். நாளைய சோதனைக்கு அதே திசு உதவும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எலிக்குட்டியின் கண்ணிமை, தீவின் மண், ஈயின் புழு, காட்டுச்செடி மேய்ந்த ஆடு. இவற்றில் எதை ஆராய்ந்தவரும் மூளைக் கட்டிக்கு மருந்து தேடிப் புறப்படவில்லை. இயற்கை ஏன் இப்படி நடக்கிறது என்று நேர்மையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளிலிருந்தே மருந்துகள் வந்தன. இதனால் என்ன பயன் என்று கேட்டு எந்த இளைஞரின் ஆர்வத்தையும் நாம் அணைத்துவிடக் கூடாது.

கடைசியாக, நம் சமூகத்துக்கு ஒரு வேண்டுகோள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, மூலக்கூறுச் சோதனை இல்லாமல் பல மூளைக் கட்டிகளுக்குச் சரியான பெயரைக்கூட வைக்க முடியாது. பெயரே தெரியாத நோய்க்கு எப்படிச் சரியான சிகிச்சை கொடுப்பது? பெரிய தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுபவருக்கு மட்டும் இந்தச் சோதனை கிடைத்தால் போதாது. அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் ஏழைத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். அவர் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும். அறிவியல் தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. அதன் பலன் எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் பங்கு. கேட்போம், ஓயாமல் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!